மெய்ம்மயக்கமும் தொடக்கநிலை வாசிப்பும்: தாம்பரம் வட்டார ஊர்ப்பெயர்களை முன்வைத்து

தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், தொடக்கநிலை வாசிப்பை மீண்டும் ஆய்வுப்பொருளாக்கியுள்ளது. 247 எழுத்துகளையும் தனித்தனியே அறிந்த குழந்தை, சொல்லை வாசிக்கையில் தடுமாறுவதுண்டு. தொல்காப்பிய நூன்மரபு விளக்கும் மெய்ம்மயக்கத்தை எழுத்து அட்டவணை உணர்த்தாமை இதற்கு ஒரு காரணமாகும். பல்லாவரத்தின் 'ல்ல' உடனிலை. தாம்பரத்தின் 'ம்ப' வேற்றுநிலை. வண்டலூரில் ணகரத்தை அடுத்து மென்மையாக ஒலிக்கும் டகரம், குரோம்பேட்டையில் இரட்டித்து வன்மையாக ஒலிக்கிறது. எனவே, ஓரெழுத்துக்கு ஓரொலி என்னும் கருத்து தமிழுக்கு முழுவதும் பொருந்தாது. மேலும், சொன்முதலில் மெய்கள் மயங்குவதைத் தமிழ் ஏற்காமையால் 'குரோம்' உகரம் பெற்றது. ஆங்கில ஒலிப்புப் பயிற்சியோ சொன்முதல் மெய்க்கூட்டங்களுக்கும் சிறப்பிடம் தருகிறது. அதனை அவ்வாறே பெயர்த்தல் பயன்தராது. குழந்தை நாள்தோறும் கேட்கும் ஊர்ப்பெயர்களைக் கொண்டு, சொல்லிடை மயக்கத்தைச் செவிவழி முதலிலும் எழுத்துவழி பின்னரும் பயிற்றுவதே தமிழின் இயல்புக்கு ஏற்றதாகும்.