கடைசி வளைவில் தயங்கும் கார்
1957-இல் இங்கிலாந்தில் ஃபிரெட் ஃபிரான்சிஸ் அறிமுகப்படுத்திய ஸ்கேலெக்ஸ்ட்ரிக் பொம்மைக் கார்ப் பந்தயத் தடத்தில், காருக்கு மின்சாரம் தரையிலிருந்துதான் வருகிறது. கார் ஓடும் பள்ளத்தின் இருபுறமும் உலோகப் பட்டைகள். அவற்றை உரசிக்கொண்டே ஓடுகிறது காரின் அடியிலுள்ள மெல்லிய கம்பிப் பின்னல். ஆகவே கார் நிற்கும் விதமே துப்புக் கொடுத்துவிடும். ஒரே கார் எங்கும் திக்கினால், பின்னலில் தலைமுடியும் தூசியும். எல்லாக் கார்களும் ஒரே இடத்தில் திணறினால், அங்கே தடத்துண்டுகளின் இணைப்பு தளர்ந்திருக்கிறது. மின்னிணைப்புக்குப் பக்கத்தில் பறந்துவிட்டுத் தூரத்து வளைவில் சோர்ந்தால், வழியிலுள்ள ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் வோல்ட்டைத் தின்றிருக்கிறது. அந்த வளைவுக்குத் தனிக் கம்பி இழுத்தால் உயிர் வரும். மல்ட்டிமீட்டர் இதையெல்லாம் எண்ணில் காட்டும்தான். எனக்கென்னவோ, மோட்டாரின் முனகலைக் கேட்டே இடத்தைச் சொல்லிவிடும் பழகிய காதுகளைத்தான் பிடிக்கிறது. அப்படிப் பழகியவர்கள் சுத்தம் செய்யும்போதும் பட்டையில் உப்புத்தாள் போடமாட்டார்கள். கீறிய இடத்தில் துரு சீக்கிரம் ஏறும்.