பதில் பேசிய கிட்டார்: சிஸ்டர் ரொஸெட்டா தார்ப்

‘ரோலிங் ஸ்டோன்’ என்ற அமெரிக்க இசைப் பத்திரிகை 2003-ஆம் ஆண்டில் தலைசிறந்த நூறு கிட்டார் கலைஞர்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் சிஸ்டர் ரொஸெட்டா தார்ப் என்ற பெயர் கிடையாது. நூறு பேரில் பெண்கள் இரண்டே பேர்: ஜோனி மிட்செல், ஜோன் ஜெட். அதே பத்திரிகை 2023-இல் 250 பேர் கொண்ட புதுப் பட்டியல் ஒன்றை வெளியிட்டபோது தார்ப் ஆறாவது இடத்தில் இருந்தார். இடைப்பட்ட இருபது வருஷத்தில் அந்த அம்மாள் புதிதாக ஒரு ஸ்வரம்கூட வாசிக்கவில்லை. 1973 அக்டோபர் 9-ஆம் தேதியே பிலடெல்பியாவில் காலமாகிவிட்டார். இசைத்தட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன. கேட்கிறவர்களின் அளவுகோல் மாறியிருக்கிறது. அது சரியாக மாறியிருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம்.

சங்க மலரில் ராக் இசைக்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள் இருக்கலாம். கொல்கத்தாவிலேயே வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பார்க் ஸ்ட்ரீட் இருக்கிற ஊரில் எலெக்ட்ரிக் கிட்டார் அந்நியச் சரக்கல்ல என்பார்கள். ஆனால் அவர்களுக்கும் சரி, அவர்களுடைய அப்பாக்களுக்கும் சரி, ராக் வரலாறு என்று கைக்கு வந்தது ‘கிளாசிக் ராக்’ என்ற மூட்டைதான். இந்தப் பெயர் 1980-களில் அமெரிக்க எஃப்.எம். வானொலிகள் வழியாகப் பரவியது. அறுபதுகளின் நடுவிலிருந்து வந்த குழுக்கள், அவர்களுடைய நீண்ட ஆல்பங்கள், நடுவில் ஒரு நெடிய கிட்டார் தனி ஆவர்த்தனம். வானொலிக்காரர்கள் விளம்பரதாரர்களை மனத்தில் வைத்துக் கட்டிய மூட்டையை நாம் வரலாறு என்று எடுத்துக்கொண்டோம். அதற்கு முன்னால் மூன்று நிமிஷ இசைத்தட்டுகளில் வாசித்தவர்கள் எல்லாரும் ‘முன்னோடி’ ஆகிப்போனார்கள்.

முன்னோடி என்பதே எனக்கு உறுத்துகிற சொல். தேர் வருவதற்கு முன்னால் ஓடிப்போய் வழி விலக்குகிறவனை யார் பார்க்கிறார்கள்? எல்லார் கண்ணும் பின்னால் வருகிற தேர் மேல்தானே.

தார்ப் 1915 மார்ச் 20-ஆம் தேதி ஆர்கன்ஸா மாநிலத்தில் காட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். தாயார் கேட்டி பெல் நூபின் மாண்டலின் வாசித்துக்கொண்டே ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவர். அவர்கள் சேர்ந்திருந்த கறுப்பின மக்களின் பெந்தெகொஸ்தே சபையில் மற்ற சபைகளைப் போல அமைதியாகப் பாடுகிற வழக்கமில்லை. கைதட்டல், தாளம், முழக்கம் எல்லாம் உண்டு. பிரசங்கி ஒரு வரி சொன்னால் சபை பதில் சொல்லும். குழந்தையாக இருந்தபோதே கிட்டாரும் கையுமாகச் சிகாகோ மேடைகளில் ஏறியவருக்கு இந்தப் பதில் சொல்லும் முறைதான் பாலபாடம். அவருடைய வாசிப்பின் ரகசியமே இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

1938 அக்டோபரில் டெக்கா கம்பெனிக்காக அவர் பதிவு செய்த முதல் பாட்டுகளில் ஒன்று ‘ராக் மீ’. தாமஸ் ஏ. டோர்ஸி எழுதிய பக்திப் பாட்டு அது. டோர்ஸி வைத்த பெயர் வேறு. டோர்ஸியே முன்பு ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் ப்ளூஸ் வாசித்துப் பிழைத்தவர் என்பது தனிக் கதை. ராக் என்றால் ஆட்டு, அசை என்று பொருள். தொட்டிலையும் ஆட்டலாம், நடன மண்டபத்தையும் ஆட்டலாம். தார்ப் அந்தச் சொல்லைப் பாடும்போது எந்த ஆட்டம் என்று தீர்மானமாகச் சொல்லவே முடியாது. இசைத்தட்டில் குரலும் கிட்டாரும்தான். வேறு துணை இல்லை. பாட்டின் வரி முடிகிற இடத்தில் கிட்டார் சட்டென்று உள்ளே புகுந்து பதில் சொல்கிறது. அவர் தனியாகப் பாடவில்லை, ஒரு சபையே உடன் இருக்கிறது என்று தோன்றுகிறது. சபையின் வேலையை ஆறு தந்திகள் செய்கின்றன.

அதே வருஷம் டிசம்பரில் நியூயார்க் கார்னகி ஹாலில் பாடினார். காட்டன் கிளப் என்ற கேளிக்கை விடுதியிலும் பாடினார். சபைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. சாமி பாட்டை சாராயம் ஊற்றுகிற இடத்தில் பாடலாமா என்ற கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை. பிறகு லக்கி மில்லிண்டர் வாத்தியக் குழுவில் சேர்ந்து பாடியவற்றில் சில வெறும் வேடிக்கைப் பாட்டுகள். பித்தளை வாத்தியச் சத்தத்தில் கிட்டார் அமுங்கிப்போகிறது. அவற்றையும் சேர்த்துத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டிய அவசியமில்லை.

1944-இல் ஸாமி பிரைஸ் பியானோ வாசிக்கப் பதிவான ‘ஸ்ட்ரேஞ்ஜ் திங்ஸ் ஹாப்பெனிங் எவ்ரி டே’ விஷயம் வேறு. 1945-இல் ‘பில்போர்ட்’ பத்திரிகை கறுப்பின மக்களின் இசைக்கென்று தனியாக வைத்திருந்த வரிசையில் அது இரண்டாம் இடம்வரை ஏறியது. எல்விஸ் பிரெஸ்லியின் முதல் சன் இசைத்தட்டு வர இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது. இதுதான் முதல் ராக் அண்ட் ரோல் பாட்டு என்பாரும் உண்டு. 1951-இல் வந்த ‘ராக்கெட் 88’ என்பாரும் உண்டு. இந்தச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. பியானோ உருட்டிக்கொண்டே போகிறது, மேலே கிட்டார் ஒவ்வொரு தந்தியாகக் கிள்ளி, சில இடத்தில் வளைத்து, குறும்பாகப் பேசுகிறது. அதைக் கேட்கணும். முதலா இரண்டாவதா என்பது அப்புறம்.

இவ்வளவும் இருந்தும் ஏன் மறந்தோம்? ‘பொம்பளை, அதுவும் கறுப்பினத்துப் பொம்பளை’ என்பது பெரிய காரணம். அவரைப் பாராட்டியவர்களே ஆம்பளை மாதிரி வாசிக்கிறார் என்றுதான் பாராட்டினார்கள். இன்னொரு காரணம் அலமாரி. பக்திப் பாட்டு தட்டில் வைத்துவிட்டால் அங்கே போய் யார் கிட்டார் கேட்பார்கள்? பக்தி இசையின் வரலாற்றை எழுதியவர்களுக்கோ அவர் உலகாயத ஆசாமி. ஆக, இரண்டு வீட்டிலும் இலை போடவில்லை.

இப்போது போடுகிறார்கள், ஆனால் எப்படி? ‘ராக் இசையின் ஞானத்தாய்’ என்கிறார்கள். அவர் சிறப்பு என்னவென்றால் எல்விஸ் கேட்டார், ஜானி கேஷ் கேட்டார், லிட்டில் ரிச்சர்டைச் சிறு வயதில் மேடையேற்றினார் என்று மற்றவர் பெயர்களாகவே அடுக்குகிறார்கள். இவை உண்மைதான். ஆனால் பிள்ளைகளின் சம்பாத்தியத்தைக் காட்டித் தாய்க்கு மதிப்புப் போடுவது போல இருக்கிறது இது. இதில் மிகையும் சேர்கிறது. சக் பெரியின் வித்தையெல்லாம் இவரிடமிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். ‘ஜானி பி. கூட்’ பாட்டின் பிரசித்தி பெற்ற தொடக்கம் லூயி ஜோர்டான் குழுவில் கார்ல் ஹோகன் 1946-இல் வாசித்ததிலிருந்து வந்தது. ஒருவருக்கு நியாயம் செய்யப்போய் ஹோகனை மறுபடியும் புதைக்க வேண்டுமா?

ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 1986-இல் முதல் தொகுதியிலேயே சக் பெரியைக் கலைஞராகச் சேர்த்தது. தார்ப்புக்கு 2018 வரை கதவு திறக்கவில்லை. திறந்தபோதும் ‘ஆரம்பகாலப் பாதிப்பு’ என்ற பிரிவில்தான். இது எனக்கு ஒப்பவில்லை. 1964 மே மாதம் இங்கிலாந்தில் மான்செஸ்டர் அருகே கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தைக் கிரனாடா தொலைக்காட்சி மேடையாக்கியது. ஒரு பிளாட்பாரத்தில் இளைஞர் கூட்டம், எதிர் பிளாட்பாரத்தில் கலைஞர்கள். மழை வேறு. நாற்பத்தொன்பது வயது தார்ப் நல்ல கோட்டும் வெள்ளை நிற கிப்ஸன் எஸ்.ஜி. கிட்டாருமாக வந்து, மழைப் பாட்டொன்றை எடுத்து விளாசுகிறார். பீட்டில்ஸ் அமெரிக்காவுக்குப் போன அதே வருஷம் இது. சமகாலத்தில் மேடையில் நிற்கிறவரை ‘ஆரம்பகாலம்’ என்று எப்படித் தள்ளுவது?

இந்த வீடியோவைத்தான் இன்று எல்லாரும் பார்க்கிறார்கள். நல்லது. ஆனாலும் மழையும் கோட்டும் கண்ணை இழுத்துக்கொள்ள, காது பின்தங்கிவிடுகிறது. எனக்குப் பிடித்தது அறுபதுகளில் ‘டிவி காஸ்பெல் டைம்’ நிகழ்ச்சிக்காக ஒரு பாடகர் குழுவோடு அவர் பாடிய ‘அப் அபவ் மை ஹெட்’. 1947-இல் மேரி நைட்டோடு சேர்ந்து பதிவு செய்த பழைய பாட்டுதான். இங்கே பின்னால் ஒரு முழு சபையே நின்று பதில் பாடுகிறது. கிட்டாருக்கு இனி என்ன வேலை என்று நினைப்போம். பாதியில் அவர் பாடுவதை விட்டுவிட்டு வாசிக்க ஆரம்பிக்கிறார். நெடிய ஆவர்த்தனம் ஒன்றுமில்லை, கொஞ்ச நேரம்தான். இப்போது கிட்டார் முதல் வரியைச் சொல்கிறது, கைதட்டிக்கொண்டு பதில் சொல்கிறவர்கள் பின்னால் நிற்கும் பாடகர்கள்.