இன்ஜினுக்கு ஊற்றும் டானிக்

பழையவர்கள் வாயில் இன்றும் மைக்கோவாகவே இருக்கும் பாஷ் நிறுவனம், 1950களில் தொடங்கி பெங்களூர் ஆடுகோடியில் டீசல் பம்ப் செய்தது. அந்தப் பம்பின் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். இப்படிக் கணக்குப் பார்க்கும் தொழில் வளர்ந்த பெங்களூரிலும், ஆயிலில் கலந்தால் தேய்ந்த இன்ஜின் புதுசாகும் என்று ஆசைகாட்டும் புட்டிகள் விற்கத்தான் செய்கின்றன.

புட்டிக்காரர்களின் வித்தை ஒன்று உண்டு. சுழலும் எஃகு வளையத்தின்மேல் ஒரு பேரிங் உருளையை நெம்புகோலால் அழுத்துவார்கள். சாதா ஆயிலில் கிறீச்சிட்டு நின்றுவிடும். மருந்தைச் சேர்த்ததும், எடை ஏற்ற ஏற்றச் சுழலும். கண்கட்டு இல்லை, நிஜம்தான். ஆனால் இன்ஜின் பேரிங் அப்படி நசுங்குவதில்லை. ஆயில் படலத்தில் மிதந்து ஓடுகிறது. இந்தச் சோதனையில் ஜெயிக்கும் குளோரின் கலந்த பாராஃபின், சூடும் ஈரமும் சேர்ந்தால் அமிலமாகி அதே பேரிங்கை அரிக்கும். அமெரிக்காவில் ஸ்லிக் 50 என்ற டெஃப்லான் கலவையின் விளம்பரத்துக்கு ஆதாரமில்லை என்று அரசின் வணிக ஆணையம் பிடித்தது. 1997இல் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

நல்ல டீசல் ஆயிலில் அழுக்கு நீக்கியும் தேய்மானம் தடுக்கும் துத்தநாகச் சேர்மமும் ஏற்கெனவே அளவாகக் கலந்தே வருகின்றன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபின் அந்த அளவு இன்னும் கறார். புகை வடிகட்டியில் கரி எரிந்துவிடும். ஆயில் மருந்தின் சாம்பல் எரியாது.

ஆனாலும் புட்டியை முழுக்கத் தள்ள எனக்கு மனமில்லை. ஆயில் குடித்து நீலப்புகை கக்கும் பழைய லாரி, இன்ஜின் இறக்கப் பணம் சேரும்வரை ஓடியாக வேண்டும். ஆயிலைக் கெட்டியாக்கும் மருந்து புகையைக் குறைக்கும். சீலை உப்ப வைப்பது கசிவைக் குறைக்கும். தேய்ந்த ரிங் தேய்ந்ததுதான். கொஞ்சம் அவகாசத்தைத்தான் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் குறையில்லை. புட்டியை ஊற்றிப் புகையை மறைத்து வண்டியை அடுத்தவர் தலையில் கட்டுவதுதான் அயோக்கியத்தனம்.

ஹைட்ராலிக்கில் இந்தச் சலுகையும் கிடையாது. ஜே.சி.பி.யிலும் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியிலும் டேங்கில் சேரும் நீர் அடியில் பிரிந்து தங்க வேண்டும். காற்று நுரைக்காமல் வெளியேற வேண்டும். இன்ஜின் ஆயிலுக்கான அழுக்கு நீக்கி கலந்தால் நீர் பிரியாமல் எண்ணெய் வெளுத்துப் போகும், பம்ப் தேயும். பல டிராக்டர்களில் பிரேக் தட்டுகளும் அதே எண்ணெயில் முழுகிக் கிடக்கின்றன. உராய்வைக் குறைக்கும் மருந்து பிரேக்கையே வழுக்க வைக்கும். பூம் தானாக இறங்கினால் முதலில் சிலிண்டர் சீலைப் பாருங்கள். பம்ப் முனகினால் உறிஞ்சும் பக்கத்து ஹோஸ் காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். டேங்க் எண்ணெயை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தால், தனியாக நிற்கும் நீர் காலையில் அடியில் தெரிந்துவிடும். அதற்குக் காசு செலவில்லை.