டம்டம் தோட்டாவும் ஹேக் பிரகடனமும்

புதிய ஆயுதங்களைச் சர்வதேசச் சட்டம் கட்டுப்படுத்திய வரலாற்றை எழுதுவோர், 1899இல் ஹேக் மாநாடு விரியும் தோட்டாக்களைத் தடை செய்ததை மனிதாபிமானத்தின் வெற்றியாகக் குறிப்பிடுவது வழக்கம். அப்பிரகடனத்தை இறுதி வரை படிப்பவருக்கு அந்த மகிழ்ச்சி நீடிப்பதில்லை.

கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் உருவானது அத்தோட்டா. 1895ஆம் ஆண்டு சித்ரால் போரில், தங்கள் புதிய துப்பாக்கியின் குண்டு எதிரியைத் துளைக்கிறதேயன்றி வீழ்த்துவதில்லை எனப் பிரிட்டிஷ் படையினர் குறைபட்டனர். ஆகவே குண்டின் முனையில் உலோக உறை நீக்கப்பட்டது. உடலுக்குள் புகுந்ததும் ஈயம் விரிந்து சதையையும் எலும்பையும் சிதைத்தது. 1897-98இல் தீரா மலைகளில் அஃப்ரீதி பட்டாணியர்மீது அது ஏவப்பட்டது.

ஹேக்கில் பிரிட்டிஷ் பிரதிநிதி சர் ஜான் ஆர்டா இதற்குக் கூறிய நியாயம் விசித்திரமானது: நாகரிக நாட்டுப் படைவீரன் காயம்பட்டால் ஒதுங்கிவிடுவான், 'காட்டுமிராண்டி'யோ பலமுறை சுடப்பட்டும் பாய்ந்து வருவான். மாநாடு இதனை ஏற்கவில்லை என்பது உண்மை. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்தும் பிரகடனம் நிறைவேறியது. ஆயினும், ஒப்பமிட்ட நாடுகள் தமக்குள் போரிடும்போது மட்டுமே அது கட்டுப்படுத்தும் என்றொரு வரி அதில் இடம்பெற்றது. முன்வாசலில் மறுக்கப்பட்ட ஆர்டாவின் வாதம் பின்வாசல் வழியே உள்ளே வந்துவிட்டது! 1907இல் பிரிட்டன் இணைந்தபோதும் அஃப்ரீதிகளுக்கு யாதொரு பாதுகாப்பும் கிட்டவில்லை. அவர்கள் எந்த ஒப்பந்தத்தின் தரப்பினர்? உள்நாட்டுப் போர்களிலும் இத்தோட்டாவைப் பயன்படுத்துவது போர்க்குற்றமே என ரோம் சாசனம் திருத்தப்பட்டது 2010இல்தான். இடையே 111 ஆண்டுகள்.

இலக்கைத் தாமே தேர்ந்து தாக்கும் ஆயுதங்கள் பற்றி ஜெனீவாவில் 2014இல் பேச்சு தொடங்கியது. குறிப்பிட்ட சில மரபுவழி ஆயுதங்கள் தொடர்பான 1980ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கீழ் நடப்பதால், அங்கு ஒரு நாட்டின் மறுப்பே முடிவைத் தடுத்துவிடும். 2020இல் லிபியாவில் பின்வாங்கிய படையினரைக் கார்கு-2 போன்ற கருவிகள் வேட்டையாடியதாக ஐ.நா. நிபுணர் குழு 2021இல் தெரிவித்தது. மனிதக் கட்டளையின்றி அவை தாக்கினவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதனைத் தயாரித்தது துருக்கி என்பதற்காக நாம் இக்கேள்வியை விழுங்கிவிடத் தேவையில்லை.

அவ்வுடன்படிக்கை 2001இல் உள்நாட்டுப் போர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஹேக்கின் குறை இங்கே ஓரளவு நீங்கியது எனலாம். ஆனால் அதே திருத்தம், கலவரங்கள் முதலான உள்நாட்டுக் கொந்தளிப்புகளுக்கு உடன்படிக்கை பொருந்தாது என்கிறது. ஓர் அரசு இத்தகைய கருவியைத் தன் தெருக்களில் திரண்ட குடிமக்கள்மீது ஏவுமானால், ஜெனீவாவில் எத்துணைக் கடுமையான தடை எழுதப்பட்டாலும் அது அவர்களைச் சென்றடையாது.