கொலையாளி யாரென்று தெரிந்த பிறகும்

பள்ளி இறுதியாண்டில் வாடகை நூலகத்திலிருந்து எடுத்துவந்த அகதா கிறிஸ்டி நாவல் ஒன்றின் முதல் பக்கத்தில், எனக்கு முன்னால் வாசித்த யாரோ கொலையாளியின் பெயரைப் பென்சிலால் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். மூன்று வாரம் காத்திருந்து கைக்கு வந்த புத்தகம். அழுகையே வந்துவிட்டது. வேறு புத்தகம் மாற்றிக்கொள்ள அடுத்த சனிக்கிழமைதான் போக முடியும் என்பதால் அதையே வாசித்தேன். அந்தப் பெயருக்குரிய ஆள் கதைக்குள் நுழைந்த கணத்திலிருந்து என் கண் அவரைவிட்டு நகரவில்லை. என்ன பேசுகிறார், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பேச்சை வேறு பக்கம் திருப்புகிறார், மற்றவர்கள் அழும்போது அவர் எங்கே நிற்கிறார் என்று வரிக்கு வரி பார்த்தேன். கிறிஸ்டி எதையும் ஒளிக்கவில்லை. எல்லாம் பட்டப்பகலில் முற்றத்தில் காயப்போட்ட நெல் மாதிரி கிடந்தது. தெரியாமல் வாசித்திருந்தால் அதில் பாதியைக்கூடக் கவனித்திருக்க மாட்டேன்.

துப்பறியும் நாவலை ஒரு தடவைச் சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. முடிவு தெரிந்துவிட்டால் சக்கைதான் என்பார்கள். கர்ண மோட்சம் பார்க்க விடிய விடிய உட்கார்ந்திருக்கும் ஊருக்குக் கர்ணன் சாகப்போவது தெரியாதா? பிரிட்டிஷ் தொலைக்காட்சி கடந்த நாற்பது ஆண்டுகளில் தன் புகழ்பெற்ற குற்ற நாவல்களைத் திரும்பத் திரும்பத் தொடராக எடுத்ததும், முடிவு தெரிந்தவர்களும் பார்ப்பார்கள் என்ற இதே நம்பிக்கையில்தான். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் பெரும்பகுதிக்குக் கொலையாளியைத் தெரியும். தெரிந்தவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்பதில்தான் தனித்தனிப் பாணிகள் பிறந்தன. கச்சேரியில் ஒரே கிருதியை வெவ்வேறு பாடாந்தரத்தில் கேட்டு, எது மூலத்துக்கு நெருக்கம், எது கைச்சரக்கு என்று ரசிகர்கள் எடைபோடுவதைப் போல, அங்கேயும் வாசகர்கள் எடைபோட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் சொல்ல வேண்டியது மூலபாடத்தை விடாத பாணி. 1984 ஏப்ரல் 24 அன்று கிரனாடா தொலைக்காட்சியின் ஷெர்லாக் ஹோம்ஸ் தொடங்கியது. ஹோம்ஸாக நடித்தவர் ஜெரமி பிரெட். 1994 வரை 41 படங்கள் வந்தன. தயாரிப்பாளர் மைக்கேல் காக்ஸின் குழு படப்பிடிப்புக்கு முன்பே கானன் டாயிலின் கதைகள் முழுவதையும் சலித்து, 77 பக்கத்தில் 'பேக்கர் தெருக் கோப்பு' ஒன்றைத் தயாரித்தது. ஹோம்ஸின் பழக்கங்கள், வாட்சனின் சுபாவம், அறையில் எந்தப் பொருள் எங்கே இருக்கும் என்பதெல்லாம் அதில் இருந்தன. மான்செஸ்டரில் பேக்கர் தெருவையே கட்டி எழுப்பினார்கள். பிரெட் கானன் டாயிலின் புத்தகத்தைக் கையோடு வைத்துக்கொண்டு, திரைக்கதை மூலத்திலிருந்து விலகும் இடங்களில் சண்டை பிடித்தார்.

இதைவிட முக்கியமானது சிட்னி பேஜெட்டை அவர்கள் மறக்காதது. 1891 முதல் 'ஸ்டிராண்ட்' இதழில் ஹோம்ஸ் கதைகளுக்குப் படம் வரைந்தவர் பேஜெட். ஹோம்ஸ் என்றவுடன் நம் கண்ணில் நிற்கும் அந்த இருபக்க மடல் வேட்டைத் தொப்பியின் பெயர்கூட கானன் டாயிலின் எழுத்தில் கிடையாது. அது ஓவியர் வைத்த தொப்பி. கிரனாடா தொடரில் திடீரென்று ஒரு காட்சி அந்தப் பழைய படத்தின் அமைப்பிலேயே வந்து நிற்கும். ரைகன்பாக் அருவிக்கு மேலே மலை விளிம்பில் இரண்டு உருவங்கள் கட்டிப் புரளும் காட்சி அப்படிப்பட்டது. வாசகன் மனத்தில் எழுத்துக்கும் முன்னால் ஓவியம் குடியேறிவிடுகிறது என்பது நமக்குப் புதிதல்ல. சுஜாதாவின் கணேஷும் வஸந்த்தும் ஜெயராஜின் தூரிகையில்தான் நமக்கு முகம் பெற்றார்கள். பிறகு எந்த நடிகர் வந்தாலும் அந்த முகத்தோடுதானே ஒப்பிட்டோம்!

கிரனாடா செய்த பெரிய தர்மம் வாட்சனுக்குச் செய்தது. 1939 முதல் 1946 வரை பாசில் ராத்போன் நடித்த ஹோம்ஸ் படங்களில் நைஜல் புரூஸ் வாட்சனை உளறுவாயாக்கி வைத்திருந்தார். கானன் டாயில் எழுதியவர் அவர் இல்லை. போர்முனையில் குண்டடிபட்டுத் திரும்பிய ராணுவ மருத்துவர் அவர். நண்பனுக்காக உயிரைக் கொடுப்பவர், கதையைக் கோவையாகச் சொல்லத் தெரிந்தவர். முதலில் டேவிட் பர்க்கும் 1986 முதல் எட்வர்ட் ஹார்ட்விக்கும் அவரை மீட்டுக்கொடுத்தார்கள். வாட்சன் அறிவுள்ளவராக இருந்தால்தான் ஹோம்ஸின் அறிவுக்கு உயரம் தெரியும்.

ஆனால் மூலபாடத்தை விடாதவர்களுக்கும் சறுக்கல் வந்தது. ஹோம்ஸ் சிறுகதை ஐம்பது நிமிடத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தும். 1993-ல் இரண்டு சிறுகதைகளைத் தனித்தனியே ஏறக்குறைய இரண்டு மணி நேரப் படங்களாக இழுத்தார்கள். கதையில் இல்லாத கனவுகள், சாபங்கள், இடிந்த மாளிகைகள் எல்லாம் உள்ளே புகுந்தன. பிரெட்டின் உடல்நிலையும் அப்போது மிகவும் தளர்ந்திருந்தது. அவரை அவ்வளவு நேசித்த வாசகர்களே அந்தப் படங்களைப் பார்த்து வருந்தினார்கள். கதையின் நீளத்துக்கும் படத்தின் நேரத்துக்கும் உள்ள பொருத்தம் பார்க்க ஜாதகம் பார்ப்பதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும்.

அடுத்தது, நடிகரின் உடம்பிலேயே பாத்திரத்தை இறக்குகிற பாணி. இதில் ஜோன் ஹிக்ஸனை நான் எல்லோருக்கும் மேலே வைப்பேன். 1940-களில் ஒரு நாடகத்தில் அவரைப் பார்த்த கிறிஸ்டி, என்றாவது ஒரு நாள் நீங்கள் என் மிஸ் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார். அது நடக்க ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. கிறிஸ்டி 1976-ல் மறைந்துவிட்டார். 1984 டிசம்பரில் பிபிசியின் முதல் படம் வந்தபோது ஹிக்ஸனுக்கு வயது 78. 1992 வரை 12 மார்ப்பிள் நாவல்களையும் முடித்தார். அவர் எதுவும் செய்வதில்லை. பின்னல் ஊசி நகர்ந்துகொண்டிருக்கும். யாரோ ஒருவர் பொய் சொல்லும்போது ஊசி நிற்காது, கண் மட்டும் ஒரு தரம் நிமிரும். நம் வீடுகளில் திண்ணையில் உட்கார்ந்து ஊர் முழுவதையும் அறிந்துவைத்திருந்த பாட்டிமார்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பார்வை புரியும்.

கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளரான ஹெர்க்யூல் பாய்ரோவாக நடிக்க, டேவிட் சூஷே புத்தகம் புத்தகமாக வாசித்து 93 குறிப்புகள் எழுதிவைத்துக்கொண்டார். காப்பிக்கு எத்தனை சர்க்கரைக் கட்டி, தேநீருக்கு எத்தனை என்பதுவரை அதில் உண்டு. பாய்ரோவோடு சேர்ந்து சிரிக்கலாம், பாய்ரோவைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று கிறிஸ்டியின் மகள் ரோசலிண்ட் ஹிக்ஸ் அவரிடம் கேட்டுக்கொண்டார். 1989 ஜனவரி முதல் 2013 நவம்பர் வரை 70 படங்கள். கிறிஸ்டியின் பாய்ரோ கதைகளில் ஏறத்தாழ எல்லாமே அதில் அடங்கிவிட்டன. பாய்ரோ இறந்துபோகும் கடைசி நாவலின் படப்பிடிப்பைத்தான் இறுதி வரிசையில் முதலில் முடித்தார்கள். கடைசி நாள் படப்பிடிப்பு கிறிஸ்டியின் சொந்த வீடான கிரீன்வேயில் நடந்தது. இறந்த பாய்ரோவாக விடைபெறாமல், உயிரோடு நடக்கும் பாய்ரோவாகவே விடைபெற சூஷே விரும்பினார். இருபத்தைந்து ஆண்டு ஒரே ஆளுக்குள் குடியிருந்தவர் வேறு எப்படி விடைபெறுவார்?

சூஷேயிடமும் வாசகர்கள் குறை கண்டார்கள். 2010-ல் வந்த 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' இன்றும் சர்ச்சைக்குரியது. 1934 நாவலின் முடிவில் பாய்ரோ எடுக்கும் தீர்மானம் சில வரிகளில் அமைதியாக முடிந்துவிடும். படத்திலோ அவர் ஜெபமாலையைப் பற்றிக்கொண்டு துடிக்கிறார். கிறிஸ்டி சொல்லாததை ஏன் சேர்த்தீர்கள் என்று ஒரு தரப்பு கேட்டது. எனக்கு அந்தப் படம் பிடிக்கும். பாய்ரோ கத்தோலிக்கர், கொலையை ஒருபோதும் ஒப்பாதவர் என்று கிறிஸ்டியே பல இடங்களில் எழுதியிருக்கிறார். அந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் அந்தத் துடிப்பு பாய்ரோவுக்குள் ஏற்கெனவே இருந்ததுதான்.

எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பதற்கு இதையே நான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். 2018-ல் பிபிசிக்காக சாரா ஃபெல்ப்ஸ் எழுதிய 'தி ஏபிசி மர்டர்ஸ்' தொடரில் ஜான் மால்கோவிச் பாய்ரோ. கிறிஸ்டியின் பாய்ரோ பெல்ஜியத்தில் காவல்துறை அதிகாரியாக இருந்தவர். இந்தத் தொடர் அவருக்குப் பாதிரியார் என்ற பூர்வகதையைக் கொடுத்தது. நல்ல நடிகர், நல்ல ஒளிப்பதிவு. ஆனாலும் முப்பத்துமூன்று நாவல்களில் வாசித்து அறிந்த மனிதர் ஒருவரின் இளமையைப் பிடுங்கிவிட்டு வேறொன்றை ஒட்டினால் வாசகருக்கு நோகத்தானே செய்யும்? 2004 முதல் ஐடிவி எடுத்த மார்ப்பிள் படங்கள் இன்னும் ஒரு படி போயின. மார்ப்பிளே வராத நாவல்களில் அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். சில படங்களில் குற்றவாளியையே மாற்றினார்கள். முடிவு தெரிந்தவர்களுக்கும் அதிர்ச்சி தர வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. முடிவு தெரிந்தவன் அதிர்ச்சிக்காக வந்து உட்காரவில்லை. துப்புகள் எல்லாம் பழைய குற்றவாளியை நோக்கியே நட்டுவைக்கப்பட்டவை. குற்றவாளியை மாற்றினால் அவை எல்லாம் வேரோடு ஆடிப்போகும்.

துணிந்து மாற்றியவர்களில் வாசகரை மதித்தவர்களும் உண்டு. ஸ்டீவன் மொஃபட்டும் மார்க் கேட்டிஸும் 2010-ல் ஹோம்ஸை இன்றைய லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். 1887-ல் வெளிவந்த முதல் நாவலில் பிணத்துக்கு அருகே சுவரில் 'ராஹே' என்று எழுதியிருக்கும். ரேச்சல் என்ற பெயரை எழுதத் தொடங்கி முடிக்கவில்லை என்பார் போலீஸ்காரர். பழிவாங்கல் என்று பொருள்படும் ஜெர்மன் சொல் அது என்று ஹோம்ஸ் திருத்துவார். புதிய தொடரில் தடயவியல் ஆள் அதை ஜெர்மன் சொல் என்கிறார். ஷெர்லாக் அதைத் தள்ளிவிட்டு ரேச்சல் என்கிறார். நாவல் தெரியாதவருக்கு இது சாதாரண வசனம். தெரிந்தவருக்கோ, கல்யாணப் பந்தியில் தெரிந்தவர் பரிமாறும்போது கேட்காமலே இன்னொரு கரண்டி விழுவது மாதிரி. ஆப்கானிஸ்தான் போரிலிருந்து திரும்பிய மருத்துவர் என்ற வாட்சனின் பூர்வகதையையும் ஒரு சொல் மாற்றாமல் வைத்துக்கொள்ள முடிந்தது, நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும்.

எந்தப் பாணியாலும் தாண்ட முடியாத மதில் ஒன்று இருக்கிறது. அச்சு மறைப்பதைப் படம் மறைக்காது. கிறிஸ்டியின் ஒரு நாவலில் ஒரு பெயரின் ஒரே ஓர் எழுத்து அங்கங்கே மாறி வரும். அச்சுப்பிழை என்று கண் தாண்டிப் போய்விடும், ஆனால் அது துப்பு. புத்தகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். பென்சிலால் எழுதியவரின் பாவம் எனக்கு வேண்டாம். திரையில் அந்தப் பெயரை ஒருவர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். கேமரா அந்த வாயருகே அரை விநாடி கூடுதலாக நின்றால் ரகசியம் போச்சு. 1926-ல் வந்த 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' நாவலின் முழு வித்தையும் அது சொல்லப்படும் விதத்திலேயே இருக்கிறது. சூஷேயின் தொடர் 2000-ல் அதை எடுத்தபோது, அந்த வித்தை தளர்ந்து வெறும் கதை மட்டும் மிஞ்சியது. எடுத்தவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். சில ராகங்கள் சில வாத்தியங்களில் பேசாது.

நம் நாட்டில் தூர்தர்ஷன் 1993-ல் ஒளிபரப்பிய 'பியோம்கேஷ் பக்ஷி' கிரனாடா வழியைச் சேர்ந்தது. சரதிந்து பந்தோபாத்யாயின் வங்கக் கதைகளை பாசு சாட்டர்ஜி கதைப்போக்குக் குலையாமல் எடுத்தார். ரஜித் கபூர் குரலை உயர்த்தாமல் நடித்தார். வங்க மொழி தெரியாத நாம் பியோம்கேஷை அறிந்தது அந்தத் தொடரின் வழியாகத்தான். பிறகு மொழிபெயர்ப்பைத் தேடி வாசித்தவர்களில் நானும் ஒருவன்.

திரை புத்தகத்துக்குள்ளேயே நுழைந்த கதை ஒன்றும் உண்டு. காலின் டெக்ஸ்டர் 1975 முதல் 1999 வரை 13 மோர்ஸ் நாவல்கள் எழுதினார். 1987 ஜனவரியில் 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' தொடங்கியது. மோர்ஸாக நடித்தவர் ஜான் தா. உதவியாளர் லூயிஸாக கெவின் வாட்லி. ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். 2000 வரை 33 படங்கள். அப்போது தொலைக்காட்சியில் யாரும் கொடுக்காத அவகாசம் அது. மோர்ஸ் பியர் குடித்துக்கொண்டு யோசிப்பார், வாக்னர் கேட்டுக்கொண்டு யோசிப்பார், தவறாகவும் யோசிப்பார். இசையமைத்த பேரிங்டன் ஃபெலூங் தந்திக்குறியில் மோர்ஸ் என்ற பெயரையே முகப்பிசையின் தாளமாக வைத்தார். நாவலில் லூயிஸ் மோர்ஸைவிட வயதானவர், வேல்ஸ்காரர். திரையில் இளைஞர், வடகிழக்கு இங்கிலாந்துக்காரர். நாவலில் மோர்ஸ் ஓட்டுவது லான்சியா கார். திரையில் சிவப்பு ஜாகுவார்.

இவ்வளவு மாற்றியும் வாசகர்கள் கோபிக்கவில்லை. மோர்ஸின் தனிமையும் கர்வமும் இரத்தத்தைக் கண்டால் வரும் மயக்கமும் அப்படியே இருந்தன. டெக்ஸ்டருக்கும் கோபமில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒரு மூலையில் ஒரு கணம் அவரும் வந்துபோவார். அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே வாசகர்களுக்கு இரண்டாவது துப்பறிதல். பின்னால் எழுதிய நாவல்களில் லூயிஸை அவர் வாட்லியின் பக்கம் நகர்த்தினார். பழைய நாவல்களின் மறுபதிப்புகளில் லான்சியாவை எடுத்துவிட்டு ஜாகுவாரைப் போட்டார். 2002-ல் ஜான் தா இறந்தபின், அந்த மோர்ஸாக இன்னொருவர் நடிக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். இளவயது மோர்ஸுக்கு மட்டும் சம்மதித்தார். அது 2012 முதல் 2023 வரை 'எண்டெவர்' என்ற தொடராக வந்தது.

மோர்ஸ் நாவல் ஒன்றின் பழைய, புதிய பதிப்புகள் இரண்டும் என் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. புதியதில் ஜாகுவார். நடைபாதைக் கடையில் வாங்கிய பழையதில், மஞ்சளேறிய தாளில், மோர்ஸ் இன்னும் லான்சியாவில்தான் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.