பெயரை அழிக்கும் ஓசை

எபிரேய மொழியில் அமைந்த எஸ்தர் நூலில் இறைவனின் பெயர் ஓரிடத்திலும் இடம்பெறவில்லை. யூத இனத்தையே கருவறுக்கத் திட்டமிட்ட ஆமானின் பெயரோ ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை வருகிறது. பூரிம் திருநாளில் யூதச் சிறுவர் கையில் ஒலிக்கும் கிலுகிலுப்பை இம்முரணுக்கு எழுந்த மறுமொழியாகும். அதனை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிடலாகாது. ஒரு நூலைக் கேட்போர், கேட்கும்போதே வழங்கும் திறனாய்வு அது.

எபிரேயத்தில் ராஷான் என்றும் இத்திஷ் மொழியில் கிராகர் என்றும் அதற்குப் பெயர். மரத்தாலான பழைய வடிவில், பற்சக்கரத்தின்மீது மெல்லிய பலகை தட்டிக் கரகரக்கும். இன்று பெற்றோரும் ஆசிரியரும் துணை நிற்க, சிறுவர் தாமே அதனைச் செய்கின்றனர். இரண்டு காகிதத் தட்டுகளைக் கவிழ்த்துச் சேர்த்து, இடையே ஒரு பிடி பருப்போ அவரை விதையோ இட்டு, விளிம்பை ஒட்டி, குச்சியொன்றைக் கைப்பிடியாகச் செருகினால் போதும். அதார் மாதம் 14ஆம் நாளின் இரவிலும் பகலிலும் எஸ்தர் சுருள் வாசிக்கப்படும்போது, ஆமானின் பெயர் வருமிடந்தோறும் அதனை ஆட்டி அப்பெயரை அமிழ்த்துவர்.

இவ்வழக்கம் பழமையானது. 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மோசே இசர்லெஸ், சிறுவர் ஆமானின் பெயரை மரத்திலும் கல்லிலும் எழுதி, அது அழியுமாறு ஒன்றோடொன்று தட்டியதைக் குறிப்பிடுகிறார். ஆமான் அமலேக்கிய அரசன் ஆகாகின் வழிவந்தவன் என்பது மரபு. இணைச்சட்ட நூலின் 25ஆம் அதிகாரமோ அமலேக்கின் நினைவை அழிக்கவும் வேண்டுகிறது, மறவாதிருக்கவும் வேண்டுகிறது. அழிப்பதற்காகவே ஆண்டுதோறும் நினைவுகூர வேண்டியுள்ளது.

இதில் சிந்திக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. சுருளின் ஒவ்வொரு சொல்லையும் கேட்டாக வேண்டும் என்பது யூதச் சட்டம். ஆதலால் ஓசை அடங்கும்வரை வாசிப்பவர் காத்திருப்பார். அடுத்த ஓசைக்குரிய இடத்தை அறியச் சிறுவரும் செவி சாய்த்திருத்தல் வேண்டும். அமைதியாகக் கேட்டவனுக்கே ஆரவாரம் செய்யும் உரிமை உண்டு. வாசகனுக்கு இதனினும் நல்ல பயிற்சி வேறு யாது?

எனினும், அந்த ஓசை எதன்மீது விழுகிறது என்பதே உயிரான வினா. அதே நூலின் 9ஆம் அதிகாரம், தங்களைக் காத்துக்கொள்ளத் திரண்ட யூதர் பகைவர் 75,000 பேரைக் கொன்றதாக உரைக்கிறது. கொடுமையின் பெயரை அழிக்கக் கற்ற கை, மனிதரை அழிக்கத் துணிதலும் கூடும். 1994ஆம் ஆண்டு பூரிம் நாளன்று, ஹெப்ரோனில் தொழுதுகொண்டிருந்த 29 இஸ்லாமியரை யூதர் ஒருவர் சுட்டுக் கொன்றார். யூதருள் மிகப் பலர் அச்செயலைக் கண்டு நாணிக் கண்டித்தனர்.

பிறரைச் சுட்டும் விரலை நாம் இங்கே மடக்கிக்கொள்வது நன்று. பெரிய வியாழன் இரவு மணிகள் மௌனமானபின் நம் கோவில்களிலும் மரக்கட்டையின் ஓசையே எழுகிறது. அது துயரத்தின் ஓசை. ஆயினும் ஸ்பெயின் நாட்டின் சில பகுதிகளில் புனித வாரத்தில் சிறுவர் கட்டை தட்டி எழுப்பிய ஆரவாரத்திற்கு ‘யூதரைக் கொல்லுதல்’ என்றே பெயர் வழங்கியது. ஆமானை அமிழ்த்த ஒருவர் எழுப்பிய ஒலியை, ஆமானின் எண்ணத்தோடு மற்றவர் எழுப்பினர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ‘நோஸ்த்ரா எத்தாத்தே’ ஏடு, கிறிஸ்துவின் சாவுக்கான பழியை யூத மக்கள் அனைவர்மீதும் சுமத்தலாகாது என்று கற்பித்த பின்னரே நம் செவிகள் சற்றுத் திறந்தன.

எஸ்தர் நூல் கொலைக் கணக்கோடு முடியவில்லை. ஒருவருக்கொருவர் உணவு அனுப்புதலும் ஏழைகளுக்கு ஈதலும் பூரிமின் கடமைகள் என அதே 9ஆம் அதிகாரம் விதிக்கிறது. அமெரிக்கத் தொழுகைக்கூடங்கள் சிலவற்றில் சிறுவர், பிரிக்காத மாவுணவுப் பெட்டிகளையே கிலுகிலுப்பையாக ஆட்டி, வாசிப்பு முடிந்ததும் அவற்றைப் பசித்தோருக்கு வழங்கிவிடுகின்றனர். நூலை முழுமையாகப் படித்தவர் செயல் இது. தீயோன் பெயரை அமிழ்த்திய அதே பெட்டி, எளியவர் அடுப்பில் உலையாகிறது. குழந்தையின் கையில் ஓசையை வைப்பவர், அது அடங்கியபின் அக்கை செய்ய வேண்டியதையும் சேர்த்தே கற்பிக்கக் கடமைப்பட்டவர்.