உவர் நிலத்துக்கு ஒரு காட்டு நெல்

தாமிரபரணி கடலில் சேரும் தூத்துக்குடி மாவட்டப் புன்னைக்காயல் பக்கத்தில், ஆற்றில் நீர்வரத்து குறையும்போது நிலத்தடியில் உப்புநீர் ஏறுகிறது. உவரேறிய வயலில் கதிர் வந்தாலும் மணி பிடிப்பதில்லை. இப்படிப்பட்ட வயலுக்குத்தான் காட்டு நெல்லின் குணத்தைக் கொண்டுவர முயல்கிறார்கள்.

சுந்தரவனச் சேற்றில் வளரும் 'ஒரைசா கோஆர்க்டேட்டா' என்ற காட்டு நெல், இலையின் நுண்மயிர்கள் வழியே உப்பை வெளியேற்றிவிடும். பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இதை ஐ.ஆர். 56 ரகத்தோடு சேர்த்தது. 2013இல் அது அறிவித்தபடி, சுமார் 34,000 கலப்புகளில் மீட்க முடிந்த கருக்கள் மூன்று, வளர்ந்தது ஒன்று. அந்தப் பொறுமையை நான் வணங்குகிறேன். ஆனால் கலப்பினம் பிறந்ததையே வெற்றியாகக் கொண்டாடுவதை ஏற்க முடியவில்லை.

நம் நெல்லுக்கு 24 குரோமோசோம்கள், அந்தக் காட்டு நெல்லுக்கு 48. கலப்பினத்துக்கு 12ம் 24ம் சேர்ந்து 36 வரும். மகரந்தம் உருவாகையில் ஒவ்வொரு குரோமோசோமும் தன் இணையோடு பொருந்திப் பிரிய வேண்டும். இங்கே பெரும்பாலானவற்றுக்கு இணையே இல்லை. அவை தாறுமாறாகச் சிதற, மகரந்தம் மலடாகிறது. மீண்டும் மீண்டும் நெல்லோடு சேர்த்தால், அதாவது பிற்கலப்பு செய்தால், வளம் திரும்பும். எப்படித் திரும்புகிறது? அந்நியக் குரோமோசோம்கள் தலைமுறைதோறும் கழிவதால்தான். எந்தக் குணத்துக்காகக் கலந்தோமோ அதுவும் அவற்றோடு போகலாம். எஞ்சுவது தற்செயலாக ஒட்டிய துண்டுகள். உப்பைத் தாங்கும் திறனோ ஒரே மரபணுவின் வேலையன்று.

1970களில் 'ஒரைசா நிவாரா' என்ற இன்னொரு காட்டு நெல் கைகொடுத்த கதை வேறு. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்ததில், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒன்றில் மட்டும் புல்குட்டை வைரஸுக்கு எதிர்ப்பு இருந்தது. அதற்கும் 24 குரோமோசோம்கள்தான், அதே மரபணுத் தொகுதி. நெல்லோடு இணை சேர்ந்தது. வேண்டியதும் ஒரே மரபணு. அது ஐ.ஆர். 36 வழியாக ஆசிய வயல்களில் பரவியது.

அப்படியானால் தூத்துக்குடிக் கரைக்கு உவரைத் தாங்கும் கேரளத்தின் பொக்காளியே போதாதா? அதுவும் நெல்லே, குரோமோசோம் சிக்கல் கிடையாது. முதலில் அதைத்தான் நாட வேண்டும் என்பேன். ஆனால் அதிலிருந்து பெற்று ரகங்களில் சேர்க்கப்படும் 'சால்டால்' என்ற மரபணுப் பகுதி முக்கியமாக நாற்றுப் பருவத்தில் காக்கிறது. மணி பிடிக்காமல் போவது பூக்கும் பருவத்துச் சேதம். ஆகவே காட்டு நெல் ஆய்வைக் கைவிடக் கூடாது. ஒவ்வொரு பிற்கலப்புத் தலைமுறையிலும் உப்புநீரில் பூத்த கதிரில் எத்தனை மணி நிறைந்தது என்ற கணக்கை ஆய்வாளர்கள் வெளியிட வேண்டும். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி இதே மாவட்டத்தில் இருக்கிறது. சோதனையை இங்கேயே நடத்தலாம்.